செட்டிநாட்டுக் குன்றுகள் வழியே ஐந்து நாள் சைக்கிள் பயணம்: முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுக்குச் சைக்கிளில் போகிறேன் என்று சொன்னால், "அங்கே ஏது மலை? கொல்லிமலைக்குப் போ, ஏற்காட்டுக்குப் போ" என்று சொல்பவர்கள் நிறைய. மலைமேல் வளைந்து வளைந்து ஏறும் சாலை இங்கே கிடையாதுதான். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்தச் செம்மண் பூமி பெரும்பாலும் சமதளம். ஆனால் அந்தச் சமதளத்தின் நடுவே குன்றக்குடி, பிரான்மலை, திருமயம் என்று கருங்கல் குன்றுகள் திடீர் திடீரென எழும்பி நிற்கின்றன. அடிவாரத்தில் ஊர் இருக்கும். மேலே முருகன் கோயிலோ, தர்காவோ, கோட்டையோ இருக்கும். ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குப் போகும் வழியில் ஊருணியும் கண்மாயும் நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய பெரிய பெரிய வீடுகளும் வருகின்றன.

அதனால் இந்தப் பயணத்துக்கு நான் சொல்லும் முறை இது: குன்றைக் காலால் ஏறுங்கள். ஊருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை மட்டும் மிதியுங்கள். ஒரு நாளைக்கு 30 முதல் 45 கிலோமீட்டர் போதும். நூறு கிலோமீட்டர் அடித்தேன் என்று கணக்குக் காட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஏற்ற வட்டாரம் இது இல்லை. வாரத்தில் சில நாள் சைக்கிள் ஓட்டும் பழக்கம் உள்ள எவரும், ஐம்பது வயதைத் தாண்டியவர்களும்கூட, தாராளமாக இதை முடிக்கலாம்.

எப்போது போவது

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி முடியும்வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், வயல் பச்சையாக இருக்கும், காலை பத்து மணிவரை வெயில் உறைக்காது. பங்குனி பிறந்துவிட்டால் பாறை கொதிக்கும். சித்திரை, வைகாசியில் வேண்டவே வேண்டாம்.

ஆடியில் போகலாமா என்று கேட்பவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். ஆனியிலிருந்து ஆவணிவரை மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, இந்தத் திறந்த வெளியில் ஒரு மலையேற்றத்துக்குச் சமம். தை, மாசியில் காற்று வடகிழக்கிலிருந்து மெதுவாக வரும். கீழே சொல்லியிருக்கும் சுற்றில் முதல் நாள் மேற்கு நோக்கியும் கடைசி நாள் தெற்கு நோக்கியும் போவதால், அந்த மாதங்களில் அந்த இரண்டு நாளும் காற்று முதுகைத் தள்ளிவிடும். இதற்காகவே சுற்றைக் காரைக்குடியில் தொடங்கிக் குன்றக்குடி பக்கமாகப் போக வைத்திருக்கிறேன்.

நாள் குறிக்கும்போது மூன்று விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடைப்பயணமாகப் புறப்படும். சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். அதைப் பார்ப்பதற்காகவே போகலாம், ஆனால் வேகமாகக் கடந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது, தங்க இடமும் கிடைக்காது. பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும். அன்று அந்தப் பக்கச் சாலைகளில் சைக்கிளுக்கு வேலை இல்லை. அக்டோபர் கடைசி வாரத்தில் மருதுபாண்டியர் நினைவு நாள், தேவர் ஜயந்தி என்று மாவட்டம் முழுக்கப் போலீஸ் பந்தோபஸ்தும் வாகனக் கட்டுப்பாடும் இருக்கும். மழையும் தொடங்கியிருக்கும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சைக்கிள்

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டியதில்லை. சாதாரண ஹைபிரிட் கியர் சைக்கிளே இந்தச் சாலைகளுக்குச் சரி. மெல்லிய ரேஸ் டயர் மட்டும் வேண்டாம். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலம் இருக்கட்டும். கிராமச் சாலைகளில் தார் பெயர்ந்து ஜல்லி தெரியும் இடங்கள் உண்டு, ஊர் முகப்பில் வெள்ளைக் கோடு போடாத வேகத்தடைகளும் உண்டு. 70 கிலோ எடையுள்ளவர் அந்த அகல டயரில் 50 முதல் 60 பி.எஸ்.ஐ. காற்று வைத்தால் இடுப்பு தப்பிக்கும்.

பின்னால் கேரியரும், அதன் இருபக்கமும் தொங்கும் பைகளும் மாட்டிக்கொள்ளுங்கள். முதுகில் பை வேண்டாம். இந்த ஊர் வெயிலில் முதுகுப்பைக்கும் சட்டைக்கும் நடுவே வேர்க்குரு கிளம்பிவிடும். மொத்தச் சுமை எட்டுக் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், குன்றடியில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஏறவும் முடியும்.

பெடலில் மாட்டும் பூட்டுச் செருப்பு இங்கே பயன்படாது. ஒரு நாளில் நாலைந்து முறை செருப்பைக் கழற்றி மாட்ட வேண்டிய பயணம் இது. பட்டை வைத்த சாதாரண சாண்டல் போதும். சைக்கிள் கால்சட்டையோடு கோயிலுக்குள் போக முடியாது. ஆண்கள் ஒரு நாலு முழ வேட்டியும், பெண்கள் மேலே அணிந்துகொள்ளும் தளர்ந்த கால்சட்டையும் துப்பட்டாவும் பையின் மேல்பகுதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேட்டிதான் மத்தியானம் திண்ணையில் படுக்க விரிப்பு, குளித்தால் துண்டு.

முள்

இந்தப் பயணத்தைக் கெடுக்கக்கூடியது ஏற்றமோ தூரமோ இல்லை, சீமைக் கருவேல முள். கண்மாய் உள்வாயிலும் கரையிலும் தரிசிலும் அது மண்டிக் கிடக்கிறது. விறகுக்கும் கரிக்கும் வெட்டி ஏற்றிப் போகும் வண்டியிலிருந்து சாலை ஓரத்தில் சிந்திக்கொண்டே போகும். கூகுள் வரைபடம் காட்டும் குறுக்குவழிகளில் பாதி கண்மாய்க் கரைகள்தான். பார்க்க அழகாக இருக்கும். நூறு மீட்டர் போவதற்குள் இரண்டு டயரும் படுத்துவிடும். கரையில் போக ஆசையாக இருந்தால் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடங்கள்.

டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றிக்கொண்டு போவது நல்லது. அதற்கு மேலும், ஆளுக்கு இரண்டு உபரி டியூப், டயர் கழற்றும் நெம்புகோல் மூன்று, ஒட்டுத் துண்டு, சொலூஷன், உப்புத்தாள், கைப்பம்பு. கிராமத்துப் பஞ்சர் கடைகளில் பெரிய சைக்கிளின் டியூப் கிடைக்கும், கியர் சைக்கிளின் அளவு பெரும்பாலும் கிடைக்காது. உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் அங்குள்ள பம்பு பொருந்தாது. அதற்கான சின்னப் பித்தளை அடாப்டரைச் சாவிக்கொத்தில் கோத்து வையுங்கள்.

பஞ்சர் ஆனால் செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் நடுவில் ஒன்றை விட்டுவிட்டு அடுத்த கிலோமீட்டரில் மறுபடி உட்காருகிறார்கள். சக்கரத்தைக் கழற்றும் முன், வால்வு இருக்கும் இடத்தில் டயரில் சாக்பீஸாலோ செங்கல் துண்டாலோ ஒரு கோடு போடுங்கள். டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்து, ஓட்டை எங்கே என்று உதட்டருகே வைத்துப் பாருங்கள். கன்னத்தைவிட உதட்டுக்குக் காற்று சீக்கிரம் தெரியும். ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, கோட்டை வைத்து டயரில் அதே இடத்தைத் தேடுங்கள். கருவேல முள்ளின் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நிற்கும். வெளியிலிருந்து ஒரு கரும்புள்ளி போலத்தான் தெரியும். டயரை உட்புறமாகத் திருப்பி, வெறும் விரலால் தடவாமல், பழைய துணியை வைத்துத் தடவினால் துணி இழை மாட்டும் இடத்தில் முள் இருக்கிறது. குறடாலோ நகவெட்டியாலோ பிடுங்குங்கள். ஒன்றைப் பிடுங்கியதும் நிறுத்தாமல் முழு வட்டமும் தடவுங்கள், இந்த முள் தனியாக வருவது அபூர்வம். அதன்பிறகே ஒட்டு. சொலூஷன் தடவி அது காய்ந்து பளபளப்பு மங்கும்வரை பொறுத்து ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் மத்தியான வெயிலில் கழன்றுவிடும்.

தை, மாசி அறுவடையில் இன்னொன்று. கிராமச் சாலையில் நெல்லைக் காயப்போடுவார்கள், உளுந்து, கொள்ளுச் செடிகளை வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று பரப்பி வைப்பார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போங்கள். அடுத்தவர் விளைச்சல் அது. அதோடு வைக்கோல் பின் கியரில் சுற்றிக்கொண்டால் பிரித்தெடுக்க அரை மணி நேரம் ஆகும்.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

இந்தப் பக்கக் கோயில்கள் காலையில் திறந்து நண்பகலோடு நடை சாத்தி, மாலை நாலு மணிக்கு மேல்தான் மறுபடி திறக்கும். பத்தரை மணிக்கு மேல் வெறுங்காலில் பாறையில் நிற்க முடியாது. இந்த இரண்டையும் வைத்துத்தான் நாளைக் கட்ட வேண்டும். ஐந்தரைக்குப் புறப்படுங்கள், ஏழு மணிக்குக் குன்றடியில் இருங்கள், எட்டரைக்கு இறங்கிச் சாப்பிடுங்கள், பதினொன்றுக்குள் அன்றைய தூரத்தில் முக்கால் பங்கை முடியுங்கள். பன்னிரண்டிலிருந்து மூன்றரைவரை ஓய்வு. மிச்சத்தை மாலை வெயிலில் ஓட்டிக்கொள்ளலாம். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். மார்கழி, தை விடியலில் பனிமூட்டம் இருக்கும், பின்விளக்கு எரியாமல் சாலையில் இறங்கவே கூடாது.

தண்ணீர் மூன்று லிட்டர் கொள்ளுமளவு வைத்துக்கொண்டு, மணிக்கு அரை லிட்டராவது குடியுங்கள். வழியில் மோர் கிடைத்தால் உப்புப் போடச் சொல்லுங்கள். ஊருணிகளில் இறங்கிக் கால் கழுவுவதோ சைக்கிளைக் கழுவுவதோ கூடாது. பல ஊர்களில் குடிதண்ணீருக்கென்றே காத்துவரும் ஊருணிகள் உண்டு. செம்பூரான் கல் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

முதல் நாள்: காரைக்குடி – குன்றக்குடி – பிள்ளையார்பட்டி – திருப்பத்தூர்

சுமார் 30 கிலோமீட்டர்தான். வேண்டுமென்றே குறைத்திருக்கிறேன், உடம்பும் சைக்கிளும் பழக வேண்டும்.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி 10 கிலோமீட்டர். சண்முகநாதர் கோயில் குன்றின்மேல். படியில் ஏறும்போதே மயில் அகவும். மருது சகோதரர்கள் திருப்பணி செய்த கோயில் இது. பெரிய மருதுவின் முதுகில் வந்த ராஜபிளவைக் கட்டி இந்தக் கோயில் விபூதியால் ஆறியது என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். தரிசனம் முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். குன்றின் அடியில் பாண்டியர் காலக் குடைவரைகள் இருக்கின்றன. மேலே அத்தனை கூட்டம் இருக்கும் நாளிலும் அங்கே ஆள் இருக்காது. ஒரே பாறையைக் குடைந்து எடுத்த தூணில் கை வைத்துப் பார்க்கலாம், சிற்பங்களுக்குப் பக்கத்தில் நிதானமாக நிற்கலாம்.

பிள்ளையார்பட்டி அங்கிருந்து மிதிக்கத் தொடங்கியதும் வந்துவிடும். பாறையிலேயே செதுக்கிய கற்பக விநாயகர், இரண்டே கை, வடக்கு பார்த்த முகம், வலப்பக்கம் சுழித்த துதிக்கை. வாசலில் நெரிசல் அதிகம், சைக்கிளைப் பூக்கடைகளில் ஒன்றில் சொல்லிவிட்டுப் பூட்டிவிட்டுப் போங்கள். அருகிலுள்ள சிராவயலில்தான் பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் ஆசிரமம் நடத்தினார். 1927-இல் காந்தி அவரைத் தேடி வந்து சந்தித்தது அங்கேதான்.

வைரவன்பட்டியைத் தவறவிடாதீர்கள். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று. பிள்ளையார்பட்டிக்கு வரும் கூட்டத்தில் கொஞ்சம் பேரே இங்கே நிற்கிறார்கள், கல்வேலையோ நின்று நின்று பார்க்க வேண்டியது. மாலையில் திருப்பத்தூர். திருத்தளிநாதர் கோயிலும், மருதுபாண்டியர் நினைவிடமும். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களை ஆங்கிலேயர் தூக்கிலிட்டது இந்த ஊரில்தான். காலையில் அவர்கள் திருப்பணி செய்த குன்றில் ஏறிவிட்டு, மாலையில் இங்கே வந்து நிற்பது மனத்தை உலுக்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: மதுரை – காரைக்குடிப் பெருஞ்சாலையில் பேருந்துகள் பறக்கும். முடிந்தவரை பழைய ஊர்ச்சாலைகளைப் பிடியுங்கள். எது பழைய சாலை என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் நாள்: திருப்பத்தூர் – மகிபாலன்பட்டி – பூலாங்குறிச்சி – பொன்னமராவதி

இது முழுக்கக் கிராமச் சாலை. எனக்கு இந்தச் சுற்றிலேயே மிதிக்கப் பிடித்த பகுதி இதுதான். 30 கிலோமீட்டர் அளவில் வரும். வழிநெடுக ஐயனார் கோயில்களும் அவற்றுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளும் வரும். கோயில் காட்டு நிழலில் சைக்கிளை நிறுத்தி இளைப்பாறலாம். ஆனால் எல்லைக்குள் செருப்போடு போகாதீர்கள், சில இடங்களில் பெண்கள் உள்ளே போவதில்லை என்ற வழக்கம் உண்டு, பூசாரியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகிபாலன்பட்டிதான் கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் என்று கொள்ளப்படுகிறது. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் பிறந்ததும் இங்கேதான், 1881-இல். சின்ன ஊர். பெரிய நினைவுச் சின்னம் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். தெருவில் நடந்து பாருங்கள், யாராவது ஒருவர் திண்ணையிலிருந்து "எங்கிட்டிருந்து வர்றீக தம்பி?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லுங்கள். அதிலிருந்து தண்ணீரும் வழியும், சில நேரம் பூட்டிய வீட்டின் சாவியும் கிடைக்கும்.

பூலாங்குறிச்சியில் பாறையில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. தமிழ் எழுத்து பிராமியிலிருந்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தது. சேந்தன் கூற்றன் என்ற அரசனின் பெயரைச் சொல்வது. களப்பிரர் காலத்தைப் பற்றிக் கிடைத்திருக்கும் கொஞ்சச் சான்றுகளில் தலையாயது என்பதால், வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் வழி விசாரித்தாவது போய்ப் பார்க்க வேண்டும். காலைச் சாய்வெயிலில்தான் எழுத்து தெரியும். உச்சி வெயிலில் பாறை வெறும் பாறையாகத்தான் இருக்கும்.

பொன்னமராவதியில் இரண்டு இரவு தங்குங்கள். தங்கும் விடுதிகள் எளிமையானவை, முதல் நாளே போனில் சொல்லி, சைக்கிளை உள்ளே வைக்க இடம் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: பிரான்மலை

பைகளை அறையிலேயே விட்டுவிட்டு வெறும் சைக்கிளில் போய்வாருங்கள். பிரான்மலையைச் சுமையோடு கடந்து போகும்படி திட்டம் போட்டால், மலையேற்றத்துக்குத் தேவையான காலும் நேரமும் மிஞ்சாது. பொன்னமராவதியில் இரண்டு இரவு என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

சங்ககாலத்துப் பறம்பு மலை இது. முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த பாரி ஆண்ட மலை, கபிலர் பாடிய மலை. மூவேந்தரும் முற்றுகையிட்டும் வெல்ல முடியவில்லை என்று படித்திருப்போம். சமவெளியில் சைக்கிளில் வரும்போது, கிலோமீட்டர் கணக்கில் அந்த மலை முன்னாலேயே நிற்கும். மேலிருந்து பார்க்கிறவனுக்கு வருகிற படை எத்தனை தொலைவில் தெரிந்திருக்கும் என்பது அப்போது தானாகவே விளங்கிவிடும். காரில் வந்தால் இது விளங்காது.

அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில். ஞானசம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் இதுதான். பாதாளம், பூமி, கைலாயம் என்று மூன்று நிலையாகக் கோயில் ஏறிப்போகிறது. மேல்நிலையில் பாறைக் குடைவில் மங்கைபாகர். முதலில் இதை முடித்துவிட்டு மலை ஏறலாம் என்று நினைக்காதீர்கள். வெயிலுக்கு முன் மலையை ஏறி இறங்கி, நடை சாத்தும் முன் கோயிலுக்கு வாருங்கள்.

மலைப்பாதை ஒழுங்கான படிக்கட்டு இல்லை, பாறையும் சரளையுமாக இருக்கும். நிதானமாக ஏறி இறங்க மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கீழிருந்தே எடுத்துப் போக வேண்டும், ஆளுக்கு இரண்டு லிட்டர். உணவுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் குரங்கு பிடுங்கும், பைக்குள் வையுங்கள். தனியாக ஏறாமல் ஊரில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வது நல்லது, அதற்குரிய கூலியைப் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள். உச்சியில் தர்கா இருக்கிறது. அடிவாரத்தில் சிவன் கோயில், உச்சியில் தர்கா, இரண்டுக்கும் வரும் மக்கள் ஒரே பாதையில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஏறி இறங்குகிறார்கள். மேலே தலையில் துணி போட்டுக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுப் போங்கள்.

இறங்கியதும் உடனே சைக்கிளில் ஏறாதீர்கள், தொடை நடுங்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வெயில் சாய்ந்ததும் பொன்னமராவதிக்குத் திரும்பினால் போதும். அன்று அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

நான்காம் நாள்: பொன்னமராவதி – திருமயம் – கானாடுகாத்தான்

நீளமான நாள், 45 கிலோமீட்டர் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். குழிபிறை, பனையப்பட்டி என்று நகரத்தார் ஊர்கள் வழியே கிழக்கு நோக்கிப் போகிறது. தை மாதத்தில் எதிர்க்காற்று கொஞ்சம் இருக்கும், விடிவதற்குள் கிளம்பினால் அது வலுக்கும் முன் பாதித் தூரம் போயிருக்கலாம்.

இந்த ஊர்களில்தான் தெருவைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்வது. நூல் பிடித்தது போல நேரான தெருக்கள். ஒரு வீட்டின் முகப்பு இந்தத் தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். வாசலில் நின்றால் முகப்பு, வளவு என்னும் உள்முற்றம், இரண்டாம் கட்டு என்று கதவுக்குப் பின் கதவாக, பர்மா தேக்கு நிலைகளுக்குள் வெளிச்சம் போய்க்கொண்டே இருக்கும். வளவின் நடுவே விழும் மழைநீரைச் சேர்த்துவைக்கும்படி கூரைச் சாய்வும் தூம்பும் அமைத்திருப்பார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்த பணம் இந்தச் சுவர்களில் இருக்கிறது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின் அந்தத் தொழில் உடைந்தது. பங்காளிகள் பல ஊர்களில் சிதறிவிட்டதால் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கதவு திறந்திருந்தாலும் கேட்காமல் உள்ளே போகாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் வீடு. ஆச்சியோ காவல்காரரோ இருந்தால் "பார்க்கலாமா ஆச்சி?" என்று கேளுங்கள். முடியாது என்றால் நன்றி சொல்லி நகருங்கள். காட்டினால், காவல்காரருக்கு ஒரு தொகை கொடுப்பது வழக்கம்.

திருமயம் கோட்டை 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. ஊரில் ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். உச்சியில் பீரங்கி ஒன்று நிற்கிறது. பாதி ஏற்றத்தில், பாறைச் சரிவில் குடைந்த சின்னச் சிவன் சந்நிதிக்கு இரும்பு ஏணி வழியே ஏற வேண்டும். குன்றின் தெற்குச் சரிவில் சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் குடைவரைகள் அடுத்தடுத்து. பாறையோடு பாறையாகப் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்கக் கோயில் நேரத்துக்குள் போக வேண்டும், கோட்டையைப் பிறகு ஏறலாம். விடுதலைப் போராட்டத் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்த ஊரும் இது.

திருமயத்திலிருந்து கடியாபட்டி வழியே கானாடுகாத்தானுக்கு உள்சாலையில் போங்கள். திருச்சி – ராமேஸ்வரம் நெடுஞ்சாலை நேராகக் கொண்டுபோய் விடும்தான், ஆனால் லாரிகளோடு போட்டி போட வேண்டியதில்லை. கானாடுகாத்தானில் பழைய வீடுகளையே தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். விலை அதிகம். ஐந்து நாளில் ஒரு இரவு செலவு செய்வதென்றால் இங்கே செய்யுங்கள்: ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலை வைத்தால் அன்றைய மிதிப்பு முழுக்க இறங்கிவிடும்.

இன்னும் இரண்டு நாள் கையில் இருப்பவர்கள் திருமயத்திலிருந்து 20 கிலோமீட்டர் வடக்கே புதுக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து சித்தன்னவாசல் ஓவியங்களையும் சமணர் படுக்கைகளையும், நார்த்தாமலையில் விஜயாலய சோழீசுவரத்தையும் பார்க்கலாம். புதுக்கோட்டைப் பக்கம் சைக்கிளில் போகும் பெண்களை ஊர் வேடிக்கை பார்ப்பதில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த சைக்கிளிலேயே, முன்பக்கம் பிள்ளையையும் பின்னால் தண்ணீர்க் குடத்தையும் வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். அன்று கற்றவர்கள் இன்று பாட்டிகள். உங்கள் கியரை இழுத்துப் பார்த்து அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயார் செய்துகொண்டு போங்கள்.

ஐந்தாம் நாள்: கானாடுகாத்தான் – ஆத்தங்குடி – காரைக்குடி

கானாடுகாத்தான் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, நெடுஞ்சாலையைக் கடந்து மேற்கே ஆத்தங்குடிக்குப் போங்கள். பட்டறைகளில் வேலை காலையில்தான் சுறுசுறுப்பாக நடக்கும்.

ஒரு பட்டறையில் அரை மணி நேரமாவது நில்லுங்கள். கண்ணாடித் தட்டு ஒன்றின்மேல் சதுரச் சட்டம் வைக்கிறார்கள். அதற்குள் பூவும் கொடியுமான உலோக அச்சு. சிமெண்டில் கரைத்த சாயத்தை ஒரு சின்னக் கரண்டியால் அச்சின் அறை அறையாக ஊற்றுகிறார் ஒருவர், கண் அங்கே இருந்தாலும் வாய் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும். அச்சை நேர் மேலே ஒரே மூச்சில் தூக்குகிறார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, கலப்பதில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டுகிறார். சூளை கிடையாது. காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப்போட்டு எடுத்தால், கண்ணாடி தானாக விட்டுவிடும். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். ஊரின் மண்ணே இதற்குச் சரியான மணல் என்று அங்கே சொல்வார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சைக்கிள் ஓட்டும் நாளில் மத்தியானம் முழுச் செட்டிநாட்டு அசைவ விருந்து வேண்டாம், மாலை மிதிக்க முடியாது. காலைக்கு இட்லி, இடியாப்பம், வெள்ளைப் பணியாரம். மத்தியானம் எளிய சாப்பாடு. விருந்தை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் சீப்புச் சீடை, தேன்குழல், கடலை மிட்டாய். கந்தரப்பம் கிடைத்தால் இரண்டு, பாதி வழியில் சர்க்கரை தேவைப்படும்போது எந்த விலை உயர்ந்த எனர்ஜி பாரும் அதற்கு ஈடு இல்லை.

ஆத்தங்குடியிலிருந்து காரைக்குடி மாலைக்குள் எளிதாக வந்துவிடும். அடுத்த நாள் காலை ரயில் என்றால், அன்று மாலை அரியக்குடிக்கு ஒரு நடை போய்வரலாம். திருவேங்கடமுடையான் கோயிலும் பித்தளைக் குத்துவிளக்கு வேலையும் உள்ள ஊர், சங்கீத மேதை ராமானுஜ ஐயங்கார் பிறந்த ஊர். கண்டாங்கிச் சேலை வாங்குவதென்றால் காரைக்குடியில் வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது, மடித்தால் பையில் ஒரு மூலையில் அடங்கும். ஆத்தங்குடிக் கல் வேண்டும் என்றால் லாரியில் அனுப்பச் சொல்லுங்கள், பையில் வைத்துக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள்.

ரயிலில் சைக்கிள்

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடிவரை வருகிறது. சைக்கிளைப் பார்சலில் போட, வண்டி நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே பார்சல் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். டிக்கெட் நகல், அடையாள அட்டை நகல் இரண்டும் கையில் இருக்கட்டும். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைச் சட்டத்துக்கு இணையாகத் திருப்பிக் கட்டுங்கள். இடப்பக்கப் பெடல் மறை எதிர்த்திசையில் கழலும் என்பதை மறக்காதீர்கள். பின் கியருக்கு அட்டையைச் சுற்றிச் சணல் கயிற்றால் இறுக்கி, பெயரையும் போன் எண்ணையும் சேருமிடத்தையும் இரண்டு இடத்தில் எழுதி ஒட்டுங்கள். விளக்கு, பம்பு, பாட்டில் எதுவும் சைக்கிளில் இருக்கக் கூடாது, எல்லாம் உங்கள் பையில். இறங்கியதும் பார்சல் பெட்டி பக்கம் நேராக நடங்கள், இறக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள். காற்றை அடித்து, பிரேக்கைச் சோதித்து, செயினைத் துடைத்து எண்ணெய் போட்ட பிறகே நிலையத்தை விட்டு வெளியே வாருங்கள். செம்மண் புழுதி எண்ணெயில் ஒட்டிக்கொண்டு செயினைத் தேய்க்கும் என்பதால், இந்தத் துடைப்பும் எண்ணெயும் ஐந்து நாளும் தினம் ராத்திரி செய்ய வேண்டியது.